ஹெட் ரீபில்ட் என்றால் உண்மையில் என்ன? ஒரு பழைய செவர்லே வி8-ஐ வைத்து எளிய விளக்கம்

பழைய அமெரிக்க மசில் கார்களை விற்கும் விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "ஹெட் ரீபில்ட் செய்யப்பட்டது." அதைப் படிப்பவர்களில் ஒருவர் எஞ்சினே புதுசு மாதிரி என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் குதிரைத்திறன் கூடியிருக்கும் என்று நினைப்பார். செய்த வேலை என்னவென்று பார்த்தால், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, புது கேஸ்கட் வைத்துப் பூட்டியதாக மட்டும்கூட இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பெயர்தான் ஓடுகிறது.

இந்தக் குழப்பத்தால் பணம் போகிறது. அதைவிட, ஐம்பது அறுபது வருடம் தாக்குப்பிடித்த நல்ல வார்ப்பிரும்பு ஹெட்டுகள் தப்பான கைகளில் வீணாகின்றன. அதனால் ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது, எது தேய்கிறது, எதை எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். வரிசை என்று சொல்வதைக் கவனியுங்கள். இந்த வேலையில் பாதி அதுதான்.

எடுத்துக்காட்டாக ஒரு எஞ்சின்

மசில் கார் என்பது நடுத்தர அளவுள்ள அமெரிக்கக் காரில் பெரிய வி8 எஞ்சினை, அதாவது எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் எஞ்சினை, வைத்துக் கட்டியது. 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓவைத்தான் பலரும் முதல் மசில் கார் என்பார்கள். நாம் எடுத்துக்கொள்ளப்போவது செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8. 1955-ல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய குடும்பம் அது. அதில் மிகப் பரவலான 350 கன அங்குல எஞ்சின், அதாவது 5.7 லிட்டர், 1967 மாடல் கமாரோவில் முதலில் வந்தது. நோவா, செவெல், கார்வெட் என்று அப்புறம் அது போகாத இடமில்லை. இதைப் புரிந்துகொண்டால் ஃபோர்டு, கிரைஸ்லர், பான்டியாக் ஹெட்டுகளையும் பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

ஹெட் என்பது குக்கர் மூடி, ஆனால் கதவுகள் வைத்த மூடி

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம்தான் சிலிண்டர். மேலே மூடுவது சிலிண்டர் ஹெட், நான்கு சிலிண்டர் கொண்ட ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று. இடையில் இருக்கும் ரப்பர் வளையத்தின் வேலையை இங்கே ஹெட் கேஸ்கட் செய்கிறது. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் ஆவி பக்கவாட்டில் சீறும், விசில் வராது. எஞ்சினிலும் அதே கதைதான். ஆனால் குக்கரில் வளிமண்டலத்துக்கு மேல் சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தம்தான். நல்ல நிலையில் உள்ள ஒரு 350-ஐ ஸ்டார்ட்டரில் சுற்றினாலே சிலிண்டருக்குள் 150 பிஎஸ்ஐ வரை ஏறும். பெட்ரோல் எரியும்போது அது இன்னும் பல மடங்காகும்.

குக்கரோடு ஒப்பிடுவது இதுவரைதான் செல்லும். எஞ்சினின் மூடி அடைத்தால் மட்டும் போதாது, மூச்சும் விட வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு கதவுகள். காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒன்று, அது இன்டேக் வால்வு. எரிந்த புகை வெளியே போக ஒன்று, அது எக்ஸாஸ்ட் வால்வு. எஞ்சின் 5000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு கதவும் நிமிடத்துக்கு 2500 முறை, அதாவது நொடிக்கு நாற்பது முறைக்கு மேல், திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறை மூடும்போதும் காற்று கசியாமல் மூட வேண்டும்.

கதவு, நிலை, கீல்

இந்த ஒப்பீட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கட்டுரையின் மீதி எளிது.

வால்வு என்பது காளான் வடிவத்தில் உள்ள எஃகுத் துண்டு. அதன் குடைதான் கதவு. குடை வந்து உட்காரும் வளையமான விளிம்புக்கு வால்வு சீட் என்று பெயர், அதுதான் கதவு நிலை. காளானின் தண்டு மேலும் கீழும் ஓடும் துளைக்கு வால்வு கைடு என்று பெயர், அது கீல் மாதிரி. தண்டு ஆடாமல் நேராகப் போய்வர வைப்பது கைடின் வேலை.

வீட்டில் ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் நாம் முதலில் என்ன பார்ப்போம்? கீல் தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று பார்ப்போம். கீலை விட்டுவிட்டுக் கதவின் விளிம்பை இழைத்தால் அன்றைக்குச் சாத்தும். நாலு மாதத்தில் மறுபடி இடிக்கும், இந்த முறை வேறு இடத்தில். ஹெட்டிலும் அப்படியே. கைடு தேய்ந்திருந்தால் வால்வு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாய்ந்து, சீட்டின் ஒரு பக்கத்தில் இடித்து உட்காரும். சீட்டை எத்தனை நேர்த்தியாகக் கடைந்தாலும் அது வட்டமாக நிற்காது.

இதுவரை சொன்னது: ஹெட் என்பது கதவுகள் வைத்த மூடி. வால்வு கதவு, சீட் நிலை, கைடு கீல். ரீபில்ட் என்பது இந்த மூன்றையும் மீண்டும் ஒன்றோடொன்று பொருந்த வைப்பது. கீலிலிருந்து தொடங்க வேண்டும்.

கழற்றும் முன்: சத்தம் எங்கே கேட்கிறது?

ஹெட்தான் பிரச்சினை என்று முதலில் உறுதியாக வேண்டும். அதற்கு லீக்-டவுன் டெஸ்ட் என்ற சோதனை இருக்கிறது. ஒரு சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் மேல் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்துவார்கள். எவ்வளவு காற்று தப்புகிறது என்பதை மீட்டர் சொல்லும். எங்கே தப்புகிறது என்பதைக் காது சொல்லும்.

கார்புரேட்டர் வாயில் "உஸ்" என்று கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் கேஸ்கட் போயிருக்கிறது அல்லது ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல். ஆயில் ஊற்றும் வாயில் காற்று வீசினால் பிஸ்டன் ரிங். கடைசியில் சொன்னதற்கு ஹெட் ரீபில்ட் மருந்தல்ல. ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு ஹெட் வேலை பார்த்துவிட்டு, புகை நிற்கவில்லையே என்று வருந்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரை நாள் செலவழித்து எட்டு சிலிண்டரையும் இப்படிக் கேட்டிருந்தால் அந்த வருத்தம் இருந்திருக்காது.

பிரிக்கும்போது

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, தண்டின் உச்சியில் இருக்கும் இரண்டு சிறிய அரை வளையங்களை எடுத்தால் வால்வு கழன்றுவிடும். இங்கே அவசரம் கூடாது. வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலிடம் பல வருடம் அடி வாங்கிய தண்டு நுனி சில சமயம் ஆணித்தலை மாதிரி விரிந்து பிசிறு தட்டியிருக்கும். அப்படியே சுத்தியலால் தட்டி இறக்கினால் அந்தப் பிசிறு கைடின் முழு நீளத்தையும் கீறிக்கொண்டு போகும். முதலில் ஒரு சின்ன அரத்தால் பிசிறை நீக்க வேண்டும். கழற்றிய வால்வுகளைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வரிசையாகக் குத்தி, எண் எழுதி வைக்க வேண்டும். எந்த வால்வு எந்த இடத்தில் எப்படித் தேய்ந்தது என்பதே ஒரு தகவல்.

அடுத்தது விரிசல் சோதனை. சுத்தம் செய்த வார்ப்பிரும்பு ஹெட்டை மின்காந்தத்தால் காந்தமாக்கி, மேலே மெல்லிய இரும்புத் தூளைத் தூவுவார்கள். விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிவதால் தூள் அங்கே போய் ஒட்டிக் கோடு போட்டதுபோல் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை அந்தச் சாம்பல் நிறக் கோடு காட்டிவிடும். இதற்கு மேக்னாஃப்ளக்ஸ் என்று பெயர். உள்ளே தண்ணீர்ப் பாதையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, வழிகளை அடைத்துக் காற்றேற்றித் தண்ணீரில் அமுக்குவார்கள். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பதும் இதுவும் ஒன்றேதான்.

ஸ்மால் பிளாக்கில் வால்வுகள் நிற்கும் வரிசை எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட், மறுபடி எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட். நடுவில் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் அக்கம்பக்கமாக வருவதைப் பாருங்கள். ஹெட்டில் அதிகம் சூடாகும் இடம் அதுதான். விரிசல் தேடும்போது என் கண் முதலில் அங்கேதான் போகும். இந்தச் சோதனையெல்லாம் முடிந்த பிறகே மற்ற வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை கைடு

350 எஞ்சினுக்கு செவர்லே கொடுத்த அளவுப்படி, வால்வு தண்டுக்கும் கைடுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.025 முதல் 0.07 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் அடங்கிவிடும் இடைவெளி. அது கூடினால் இரண்டு கெடுதல். வால்வு சாய்ந்து உட்காரும் என்பது ஒன்று. மேலே இருக்கும் ஆயில் தண்டோடு வழிந்து உள்ளே இறங்கும் என்பது இன்னொன்று. ராத்திரி நிறுத்திய காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை குபுக்கென்று வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் இதுதான், அல்லது தண்டின் மேல் ஆயில் இறங்காமல் தடுக்கும் ஆயில் சீல்.

இந்த ஹெட்டுகளில் கைடு தனி உருப்படி அல்ல, ஹெட்டின் இரும்பிலேயே துளைத்தது. அதனால் தேய்ந்ததை உருவி எடுத்துப் புதிது போட முடியாது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி மெல்லிய வெண்கலக் குழாய் ஒன்றை உள்ளே செருகி, சரியான அளவுக்குக் கடைவார்கள். முழுக் கைடையும் கடைந்தெடுத்துப் புதிதாக அறைவதும் உண்டு. மூன்றாவதாக ஒரு மலிவான வழி இருக்கிறது: துளையின் உட்சுவரில் மரை மாதிரி நெளித்து உலோகத்தைப் பிதுக்கி, துளையைச் சுருக்குவது. நர்லிங் என்பார்கள். தண்டைத் தொடுவது அந்த மேடுகளின் முகடுகள் மட்டும்தான் என்பதால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். நான் அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்த இடத்தில் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒஹையோவில் இருந்தபோது நண்பர் ஒருவரின் 1970 நோவாவுக்கு ஹெட் வேலை பார்க்க ஒரு பட்டறையில் கொடுத்தோம். சீட் பளபளவென்று கடைந்து வந்தது. எங்களுக்கு ரொம்பத் திருப்தி. ஒரு வருடத்துக்குள் காலை நேர நீலப் புகை திரும்பி வந்துவிட்டது, ஆறாவது சிலிண்டரில் காற்றும் கசிந்தது. மறுபடி பிரித்துப் பார்த்தேன். வால்வை சீட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து விரலால் ஆட்டினால் கடகடவென்று ஆடியது, கையிலேயே தெரிந்தது. கைடைத் தொடவே இல்லை. சீட்டின் மீது வால்வு பதிந்த தடம், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நூல் மாதிரியும் இருந்தது. முழுச் செலவும் இரண்டாவது முறை செய்ய வேண்டி வந்தது.

இதுவரை சொன்னது: கைடு சரியான பிறகே சீட்டைத் தொட வேண்டும். சீட் கடையும் கருவியே கைடுத் துளையில் ஒரு தண்டைச் செருகித்தான் நடுப்புள்ளியைப் பிடிக்கிறது. துளை தேய்ந்திருந்தால் கருவியும் சாய்ந்தே கடையும்.

சீட்: மூன்று கோணங்கள் எதற்கு?

சீட் கூர்மையான ஒற்றை விளிம்பாக இருப்பதில்லை. வால்வு உட்காரும் பட்டை 45 பாகையில் சாய்ந்திருக்கும். அதற்கு மேலே 30 பாகையிலும் கீழே 60 பாகையிலும் இன்னும் இரண்டு வெட்டு உண்டு. த்ரீ ஆங்கிள் வால்வு ஜாப் என்று விளம்பரங்களில் வருவது இதுதான். மேல் வெட்டும் கீழ் வெட்டும் நடுப்பட்டையை இரண்டு பக்கமும் அரித்து, அது எங்கே இருக்க வேண்டும், எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கூரான முனைகள் மழுங்குவதால் காற்றும் இடறாமல் போகிறது.

பட்டையின் அகலம் ஏன் அத்தனை முக்கியம்? எக்ஸாஸ்ட் வால்வு நெருப்பிலேயே வாழ்கிறது. அதன் குடை வாங்கும் சூட்டின் பெரும்பகுதி சீட்டைத் தொட்டிருக்கும் அந்தச் சின்ன நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறங்கி, தண்ணீரில் கலக்கிறது. பட்டை மிகவும் குறுகலாக இருந்தால் சூடு இறங்க வழியில்லாமல் வால்வு கருகும். மிகவும் அகலமாக இருந்தால் அழுத்தம் பரவிப்போய், கரித்துகள் சிக்கி, இறுக்கமாக மூடாது. அதனால் இன்டேக்குக்கு 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர், சூட்டைச் சுமக்கும் எக்ஸாஸ்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக 1.6 முதல் 2.4 வரை வைப்பார்கள்.

வால்வின் முகத்தையும் இதே போல் சாணை பிடிப்பார்கள். அதிகம் சாணை பிடித்தால் குடையின் ஓரம் கத்தி மாதிரி மெலியும். 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போன வால்வைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மெலிந்த ஓரம் தணலாகச் சிவந்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

பொடியைத் தடவி வால்வைக் கையால் சுழற்றித் தேய்க்கும் லேப்பிங் வேலையைத்தான் பலர் ரீபில்ட் என்று நினைக்கிறார்கள். கோணலான சீட்டை லேப்பிங் நேராக்காது. கடைந்த சீட்டும் வால்வும் முழு வட்டமாகத் தொடுகின்றனவா என்று கடைசியில் பார்க்க அது நல்ல வழி, அவ்வளவுதான். நான் நீல மையைத் தடவிப் பார்ப்பேன். வால்வு முகத்தில் மெல்லிசாகப் பூசி, உட்காரவைத்து லேசாகத் திருப்பி எடுத்தால், சீட்டில் அறுபடாத ஒரு நீல மோதிரம் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தாலும் வேலை முடியவில்லை.

ஈயம் இல்லாத பெட்ரோலும் கடின சீட்டும்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் அதிகம் பயமுறுத்திச் சொல்லப்படும் விஷயம் இது. 1920களிலிருந்து அமெரிக்க பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சினில் தட்டும் சத்தம் வராமல் இருக்கத்தான் கலந்தார்கள். கூடவே அந்த ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டின் மீது மெல்லிய மெத்தையாகவும் படிந்தது. ஈயம் போனதும், நல்ல சூட்டில் வால்வும் வார்ப்பிரும்பு சீட்டும் நுண்ணிய அளவில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதைய ஆரம்பித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களிலிருந்தே ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப எஞ்சின்களை மாற்றியது. 1996-ல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது.

அதனால் எல்லாப் பழைய ஹெட்டுக்கும் கடின எஃகு வளையத்தைப் பதித்தே ஆக வேண்டும் என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. சீட் புதைவது நீண்ட நேரம் அதிக வேகத்திலோ பாரத்திலோ ஓடும் எஞ்சினில்தான் பெரிதாக நடக்கும். ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கும் காரில், சீட் நன்றாக இருந்தால் அப்படியே விடலாம். வளையம் பதிக்க ஆழமாகக் கடைய வேண்டும். கை தவறினால் அடியில் இருக்கும் தண்ணீர்ப் பாதை உடைந்து ஹெட்டே போய்விடும். ஏற்கெனவே புதைந்த சீட்டுக்கும், நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடப்போகும் காருக்கும் வளையம் நியாயமானது.

ஃபேசிங்: ஒரு கரண்டித் தண்ணீரின் வித்தியாசம்

சூடேறி வளைந்த ஹெட்டின் அடிப்பரப்பை இழைத்துச் சமமாக்குவதுதான் ஃபேசிங். நேரான எஃகுப் பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரியும். சமமாகும் அளவுக்கு மட்டும் இழைத்தால் போதும்.

"ரெண்டு தடவை இழைச்சா பவர் கூடும்" என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. இழைத்தால் எரியறை சிறிதாகும், கம்ப்ரெஷன் ரேஷியோ ஏறும். பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவதுதான் இந்த விகிதம். 350-ல் ஒரு சிலிண்டரின் பிஸ்டன் துடைக்கும் இடம் சுமார் 717 சிசி. கேஸ்கட், பிஸ்டன் பள்ளம் எல்லாவற்றுக்கும் 20 சிசி என்று வைப்போம். 64 சிசி எரியறை கொண்ட ஹெட் என்றால் விகிதம் 9.5 வரும். 1970களில் பரவலான 76 சிசி ஹெட் என்றால் 8.5-தான். வித்தியாசம் 12 சிசி, ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை.

ஆனால் இழைத்து 12 சிசியையும் பிடிக்க முடியாது. ஒரு சிசி குறைக்கவே சுமார் 0.15 மில்லிமீட்டர் இழைக்க வேண்டும். வி வடிவ எஞ்சினில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு ஹெட்டும் சாய்வாகக் கீழே இறங்கினால், நடுவில் உட்கார்ந்து காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் துளைகள் நேருக்கு நேர் வராது. கேஸ்கட் ஓரத்தில் காற்று கசியும்.

ஸ்பிரிங், சீல்

கதவைச் சாத்துவது ஸ்பிரிங். சீட்டைக் கடையும்போது வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் இறங்கும், மறுபக்கம் தண்டு அந்த அளவுக்கு மேலே நீளும், ஸ்பிரிங் தளர்ந்து நிற்கும். அதனால் அடியில் மெல்லிய வாஷர் வைத்து உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். சாதாரண 350-க்கு அந்த உயரம் 1.70 அங்குலம். அந்த நிலையில் ஸ்பிரிங் சுமார் 80 பவுண்டு விசையோடு அழுத்த வேண்டும். பழைய ஸ்பிரிங்கைச் சோதித்துப் பார்க்காமல் திரும்பப் போடக் கூடாது. ஆயில் சீல் விலை மலிவு, எப்போதும் புதிதுதான்.

இது ரீபில்ட், அது போர்ட்டிங்

மேலே சொன்ன அத்தனையும் எஞ்சின் இழந்ததைத் திருப்பித் தரும் வேலை. தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிடக் கூடுதல் பவர் வேண்டும் என்றால் காற்றுப் பாதையையே மாற்ற வேண்டும். பாதையை உள்ளே கடைந்து அகலப்படுத்துவது போர்ட்டிங். இன்டேக் வால்வை 1.94 அங்குலத்திலிருந்து 2.02 அங்குலத்துக்கு மாற்றுவதும் அந்த வகையே. இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் விளம்பரம் படிப்பவர் ஏமாறுகிறார்.

பவர் மட்டுமே குறி என்றால் இன்று கிடைக்கும் புது அலுமினியம் ஹெட்டுகள் நல்ல வழி, எடையும் ஏறக்குறைய பாதி. ஆனால் பழைய ஹெட்டை ஓரங்கட்டும் முன் வால்வு கவரைக் கழற்றி உள்ளே வார்த்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 3782461 என்று இருந்து, ஹெட்டின் முனையில் ஒட்டகத்தின் இரட்டைத் திமில் போன்ற அச்சும் இருந்தால், அது 1960களின் 327 எஞ்சினில் வந்த 64 சிசி ஹெட். பக்கத்திலேயே மாதத்தைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் (ஏ என்றால் ஜனவரி) எண்களுமாகத் தேதி இருக்கும். பி 14 9 என்றால் ஒன்பதில் முடியும் வருடத்தின் பிப்ரவரி 14-ல் வார்த்தது. காரோடு பிறந்த ஹெட் என்றால் அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பேன்.

திரும்பி வந்ததும்

பட்டறையிலிருந்து ஹெட் வந்ததும் எஞ்சினில் ஏற்றிவிடாதீர்கள். மேசையில் தலைகீழாகச் சமமாக வைத்து, பழைய ஸ்பார்க் பிளக்குகளை மாட்டி, ஒவ்வொரு எரியறையிலும் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து டார்ச் அடித்து, காற்றும் புகையும் போகும் பாதையான போர்ட்டுக்குள் பாருங்கள். வால்வைச் சுற்றி ஈரம் படர்ந்திருந்தால் அந்த சீட் அடைக்கவில்லை. எட்டு வால்வும் காய்ந்திருந்தால் ஏற்றலாம்.

ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், கடைசியில் 65 பவுண்டு-அடி. இந்த எஞ்சினில் ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர்ப் பாதைக்குள் திறப்பவை. அதனால் முறுக்கும் முன் ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் சீலன்ட் தடவ வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் கூலன்ட் மரை வழியாக ஏறி, வால்வு கவருக்குள் போய் ஆயிலில் கலக்கும்.